மிரர் போட்ட எஸ்எஸ்டியில் ட்ரிம் மெதுவாக ஓடுகிறதா? முதல் தடவை சர்வர் பார்ப்பவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஸ்டுடியோ, அச்சகம், அரிசி ஆலை அலுவலகம் எதை எடுத்தாலும் இப்போது ஒரு சின்ன லினக்ஸ் சர்வர் இருக்கிறது. அதில் இரண்டு எஸ்எஸ்டி, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும்படி ரெய்டு 1 மிரர். போட்டுக் கொடுத்தவர் போய்விடுவார். அதன்பிறகு பார்த்துக்கொள்வது கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: "திங்கட்கிழமை காலையில் பில்லிங் திறக்கவே மாட்டேன் என்கிறது, பதினோரு மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது." டிஸ்க் போய்விட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார்கள். இதே புகாரோடு நானும் நிறைய அல்லாடியிருக்கிறேன். டிஸ்க் மாற்ற வேண்டியிருந்த இடங்கள் குறைவு. காசு செலவழிக்கும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள், முதல் இரண்டு படிகள் அலுப்பாக இருந்தாலும் தாண்டாதீர்கள்.

ட்ரிம் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பை அழித்தால் ஃபைல் சிஸ்டத்துக்குத்தான் அந்த இடம் காலி என்று தெரியும், எஸ்எஸ்டிக்குத் தெரியாது. "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளைதான் ட்ரிம். சொல்லாமல் விட்டால் எஸ்எஸ்டி வேண்டாத தரவையும் சுமந்துகொண்டு, எழுதும் வேகம் குறைந்து, சீக்கிரம் தேயும். ஆகவே மெதுவாக இருக்கிறது என்று ட்ரிம்மை ஒரேயடியாக நிறுத்திவிடுவது தீர்வல்ல.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. எதையும் தொடும் முன்: பேக்கப், அழிந்த கோப்பு பற்றிய ஒரு கேள்வி

மிரர் பேக்கப் ஆகாது. தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். தனி வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

அடுத்து, கடையில் எல்லோரிடமும் கேளுங்கள்: "சமீபத்தில் ஏதாவது கோப்பு தெரியாமல் அழிந்ததா?" ஆமாம் என்றால் அன்று ட்ரிம் ஓட்டவே கூடாது. ட்ரிம் ஓடிய இடத்திலிருந்து அழிந்த கோப்பை மீட்பது அநேகமாக முடியாது. தை முகூர்த்த சீசனில் ஸ்டுடியோக்களில் கார்டு காலி, சர்வரில் ஃபோல்டர் காணோம் என்ற நிலை வரும். அந்த நேரத்தில் வேகத்தைச் சரிசெய்கிறேன் என்று ட்ரிம்மை ஓட்டினால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் போய்விடும். மீட்பு முயற்சி முடியும்வரை, 3ஆம் படியில் சொல்லும் வாராந்திர ட்ரிம் டைமரையும் நிறுத்தி வையுங்கள்.

2. காகிதங்கள்: பில், சீரியல் நம்பர், எந்த டிஸ்க் எந்த இடத்தில்

ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

- இரண்டு எஸ்எஸ்டியின் மாடல், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் (டிஸ்கின் உள்ளே ஓடும் மென்பொருள்) பதிப்பு. "ஸ்மார்ட்சிடிஎல்" கட்டளையில் "ஐ" விருப்பம் கொடுத்தால் மூன்றும் வரும்.
- எந்த சீரியல் எந்த சாட்டா போர்ட்டில் இருக்கிறது. கேபினெட்டைத் திறந்து பார்த்து, டிஸ்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். "எஸ்டிஏ", "எஸ்டிபி" என்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறலாம், சீரியல் மாறாது. நல்ல டிஸ்கைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவைக்கும் விபத்து இந்த ஒரு வரி எழுதாததால்தான் நடக்கிறது.
- வாங்கிய பில். ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும். சீரியல் நம்பர் பில்லிலேயே அச்சாகியிருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் கடைக்காரரிடம் எழுதி முத்திரை வாங்குங்கள். தெர்மல் பேப்பர் பில் நம் ஊர் வெயிலில் வெளுத்துவிடும், போட்டோ எடுத்து வையுங்கள்.
- வாரண்டி வருடம், கூடவே டிபிடபிள்யூ, அதாவது டிஸ்கில் மொத்தம் எவ்வளவு தரவு எழுதலாம் என்ற வரம்பு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிந்தது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

இதற்கெல்லாம் செலவு இல்லை. ஒரு மணி நேரம் ஆகும்.

3. உண்மையில் ட்ரிம்தான் காரணமா?

இந்தப் படியிலேயே பாதி புகார்கள் தீர்ந்துவிடும், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான லினக்ஸ்களில் "எஃப்எஸ்ட்ரிம் டைமர்" என்ற ஒன்று வாரம் ஒருமுறை எல்லா ஃபைல் சிஸ்டத்தையும் ட்ரிம் செய்யும். வாரம் என்றால் திங்கட்கிழமை அதிகாலை 12 மணி. தரவு மையத்தில் அது நல்ல நேரம். நம் கடைகளில் அப்படியில்லை. ஞாயிறு விடுமுறை, இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். டைமரில் "தவறினால் பிறகு ஓட்டு" என்ற அமைப்பு இருக்கிறது. திங்கள் காலை சர்வரைப் போட்டதும், நள்ளிரவில் தவறியதை அது அப்போது ஓட்டும். புதிய பதிப்புகளில் 6000 நொடி வரை ஏதோ ஒரு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு வாரம் ஒன்பதரைக்கும் இன்னொரு வாரம் பத்தேமுக்காலுக்கும் மெதுவாகிறது. பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாத கோளாறாகத் தெரிகிறது.

இன்னொன்றும் சேர்கிறது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் எந்தப் பகுதியை ஏற்கெனவே ட்ரிம் செய்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கும், ஆனால் மவுன்ட் ஆகி, அதாவது ஓடும் சர்வரோடு இணைந்து, இருக்கும் வரைதான். தினமும் அணைத்துப் போடும் சர்வரில் அந்த நினைவு தினமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு திங்களும் காலி இடம் முழுவதையும் முதலிலிருந்து ட்ரிம் செய்கிறது. எக்ஸ்எஃப்எஸ் இப்படி நினைவு வைப்பதே இல்லை, எப்போது ஓட்டினாலும் முழுவதும்தான்.

பார்ப்பது எப்படி: "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" கொடுத்தால் கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது என்று வரும். "ஜர்னல்சிடிஎல்" கட்டளையில் "யூ" விருப்பத்தோடு எஃப்எஸ்ட்ரிம் சர்வீஸைக் கொடுத்தால் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கும். புகார் வந்த நேரத்தோடு அது பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் 6ஆம் படிக்கு நேராகப் போய் நேரத்தை மாற்றிவிட்டு, மீதியை ஆற அமரச் செய்யலாம்.

டெபியன் வகை லினக்ஸ்களில் மாதத்தின் முதல் ஞாயிறு ரெய்டு சரிபார்ப்பு ஒன்றும் ஓடும். மிரர் பெரிதாக இருந்தால் அது நீண்டு ட்ரிம்மோடு மோதலாம். "/ப்ராக்/எம்டிஸ்டாட்" கோப்பைத் திறந்தால் சரிபார்ப்பு ஓடுகிறதா, மறு ஒத்திசைவு (ஒரு டிஸ்கிலிருந்து மற்றொன்றுக்கு மறுபடி நகலெடுப்பது) ஓடுகிறதா என்று சதவீதத்தோடு தெரியும். "யூயூ" இருந்தால் இரண்டு டிஸ்கும் உயிரோடு இருக்கின்றன. ஒரு யூவுக்குப் பதில் அடிக்கோடு இருந்தால் ட்ரிம்மை மறந்துவிட்டு முதலில் மிரரைக் காப்பாற்றுங்கள்.

4. ட்ரிம் டிஸ்க் வரைக்கும் போய்ச் சேருகிறதா?

"எல்எஸ்பிஎல்கே" கட்டளையில் பெரிய எழுத்து "டி" விருப்பம் கொடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு எண்கள் வரும்: ட்ரிம்மின் மிகச் சிறிய அளவு, ஒரே தடவையில் அனுப்பக்கூடிய மிகப் பெரிய அளவு. இரண்டும் 0 என்றால் அந்த அடுக்கு ட்ரிம்மை ஏற்பதில்லை. கீழே டிஸ்கிலிருந்து தொடங்கி மேலே மிரர், எல்விஎம் (டிஸ்க் இடத்தை லாஜிக்கல் வால்யூம் என்ற பகுதிகளாகப் பிரித்துத் தரும் அடுக்கு), குறியாக்கம் என்று ஏறுங்கள். எண் எங்கே 0 ஆகிறதோ அங்கேதான் அடைப்பு.

டிஸ்கிலேயே 0 என்றால், நடுவில் யூஎஸ்பி பெட்டியோ வன்பொருள் ரெய்டு கார்டோ இருக்கும். பழைய ரெய்டு கார்டுகள் பல, மிரருக்குள் ட்ரிம்மைக் கடத்துவதில்லை. கார்டை ரெய்டு இல்லாத எச்பிஏ முறைக்கு மாற்றி, மிரரை லினக்ஸிலேயே போடலாம். ஆனால் மாற்றும்போது தரவு போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறியாக்க அடுக்கில் 0 என்றால் அது பழுதல்ல. லக்ஸ் குறியாக்கம் பாதுகாப்புக்காக ட்ரிம்மை இயல்பாகவே தடுத்திருக்கும். "கிரிப்ட்டேப்" கோப்பில் "டிஸ்கார்ட்" என்று சேர்த்தால் திறக்கும். எந்த இடம் காலி என்பது வெளியே தெரியும் என்பதே அதன் விலை; கடைச் சர்வருக்கு அது பெரிய ஆபத்தில்லை என்பது என் கருத்து.

எல்விஎம் அமைப்பில் "இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்" என்ற வரியை மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அது லாஜிக்கல் வால்யூமை அழிக்கும்போதும் சுருக்கும்போதும் மட்டும் வேலை செய்வது. வாராந்திர ட்ரிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. இரண்டில் எந்த டிஸ்க் இழுக்கிறது?

ரெய்டு 1இல் ஒவ்வொரு ட்ரிம் கட்டளையும் இரண்டு டிஸ்குக்கும் போகும், இரண்டும் முடித்தால்தான் முடிந்தது. ஒரே ஏரில் பூட்டிய மாடுகளில் மெதுவான மாட்டின் நடைதான் ஏரின் நடை. ஆகவே "ட்ரிம் மெதுவாக இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகத் தேடாமல், எந்த டிஸ்க் என்று கண்டுபிடியுங்கள்.

"சிஸ்ஸ்டாட்" தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். கடை மூடிய பிறகு ஒரு திரையில் "ஐஓஸ்டாட்" கட்டளையை "எக்ஸ்" விருப்பத்தோடும் 2 நொடி இடைவெளியோடும் ஓடவிடுங்கள். இன்னொரு திரையில் "எஃப்எஸ்ட்ரிம்" கட்டளையை "வி" விருப்பத்தோடு கையால் ஓட்டுங்கள். ஐஓஸ்டாட் வரிசையில் "டி" எழுத்தில் தொடங்கும் பத்திகள் ட்ரிம்முக்கானவை. "டி-அவெய்ட்" என்பது ஒரு ட்ரிம் கட்டளைக்கு ஆகும் மில்லி நொடி. ஒரு டிஸ்கில் ஒற்றை இலக்கமும் மற்றொன்றில் நூறுக்கு மேலும் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். இரண்டிலும் ஒரே அளவு அதிகமாக இருந்தால் மாடலின் குணமோ, காலி இடம் சிதறிக் கிடப்பதோ காரணம்.

ஒரு எச்சரிக்கை: ஈஎக்ஸ்டி4இல் உடனே இரண்டாம் தடவை ஓட்டினால் "0 பைட்" என்று வரும். ட்ரிம் வேலை செய்யவில்லை என்று பயப்படாதீர்கள். மேலே சொன்ன நினைவுதான் காரணம்.

ஒரு டிஸ்க் மட்டும் இழுத்தால் பார்க்க வேண்டியவை:

முதலில் கேபிள். "டிஎம்இஎஸ்ஜி" (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை, ஐந்தே எழுத்து) வெளியீட்டில் சாட்டா இணைப்பு 6 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 3 அல்லது 1.5க்கு இறங்கியிருந்தால், அல்லது இணைப்பை மீண்டும் மீண்டும் ரீசெட் செய்யும் வரிகள் இருந்தால் கேபிளும் கனெக்டரும்தான் முதல் சந்தேகம். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். அது கேபிள் வழியில் நடந்த பிழைகளின் கணக்கு. பழைய கணக்கு அழியாது என்பதால் இன்று ஒரு முறையும் இரண்டு நாள் கழித்து ஒரு முறையும் குறித்து, கூடுகிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் கனெக்டர் முனைகளில் படலம் பிடித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நல்ல சாட்டா கேபிள் நூறு, இருநூறு ரூபாய்தான். டிஸ்க் விலை கேட்கும் முன் இதை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து டிஸ்கின் குணம். டிரேம் என்ற தனி நினைவகச் சிப் இல்லாத மலிவு எஸ்எஸ்டிகள் ட்ரிம்மில் தடுமாறும். சாட்டாவில் இன்னொரு விஷயமும் உண்டு: பழைய முறை ட்ரிம் கட்டளை வரிசையில் நிற்காது. அது ஓடும்போது டிஸ்கில் மற்ற எல்லாப் படிப்பதும் எழுதுவதும் முடிந்து வழிவிட வேண்டும். 2011இல் வந்த சாட்டா 3.1இல்தான் வரிசையில் நிற்கும் ட்ரிம் வந்தது. அதைச் சரியாகக் கையாளாத மாடல்களுக்கு லினக்ஸ் கர்னலே அதை அணைத்துவைக்கும். சாம்சங் 860, 870 வரிசைகள் 2021இல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இது தரவைக் காக்கும் ஏற்பாடு. மெதுவாக இருக்கிறதே என்று அதை மீற வழி தேடாதீர்கள், நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

மிரரில் ஒன்று எஸ்எஸ்டி, மற்றொன்று ஹார்ட் டிஸ்க் என்று போட்டிருப்பவர்களும் உண்டு. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) ஹார்ட் டிஸ்க் சிலவும் ட்ரிம்மை ஏற்கும், அப்போது இழுப்பது அதுவாக இருக்கலாம்.

கடைசியாக ஃபர்ம்வேர். புதிய பதிப்பு இருந்தால் ஏற்றலாம், ஆனால் ஒரு நாளில் ஒரு டிஸ்குக்கு மட்டும். இரண்டுக்கும் ஒரே மாலையில் ஏற்றிவிட்டு இரண்டும் எழாமல் போனால் மிரர் இருந்து பயனில்லை.

6. நேரத்தை மாற்றுவது, சுமையைக் குறைப்பது

"சிஸ்டம்சிடிஎல் எடிட்" மூலம் எஃப்எஸ்ட்ரிம் டைமரைத் திறந்து, "ஆன்-காலெண்டர்" வரியில் உங்கள் நேரத்தைப் போடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: முதலில் "ஆன்-காலெண்டர்" வரியைச் சமக்குறியோடு வெறுமையாக ஒருமுறை எழுதி, அதன் கீழ்தான் புது நேரத்தை எழுத வேண்டும். வெறுமை வரியை விட்டால் பழைய திங்கட்கிழமையும் இருக்கும், புது நேரமும் சேரும். அதே இடத்தில் "பெர்சிஸ்டென்ட்" என்பதை "ஃபால்ஸ்" ஆக்கினால் காலையில் எழுந்து ஓடும் பழக்கம் நிற்கும். ஆனால் அப்போது நீங்கள் தேர்ந்த நேரத்தில் சர்வர் கட்டாயம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் ட்ரிம்மே கிடையாது.

எந்த நேரம்? மதியச் சாப்பாட்டுக்குக் கடை சாத்தும் இரண்டு மணி, அல்லது சனி இரவு மூடியபின் சர்வரை மட்டும் இரண்டு மணி நேரம் விட்டுவைப்பது, இரண்டும் நடைமுறைக்கு ஒத்துவரும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வைக்காதீர்கள். செய்தித்தாளில் முதல் நாளே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். அரிசி ஆலை என்றால் குறுவை, சம்பா கொள்முதல் வாரங்களில் இந்த அமைப்புகள் எதையும் தொட வேண்டாம்.

காலி இடம் சிதறிக் கிடந்தால் நேரம் எப்படி ஏறுகிறது பாருங்கள். 100 ஜிபி காலி இடம் 64 கேபி துண்டுகளாக இருந்தால் ஏறத்தாழ 16 லட்சம் துண்டுகள். துண்டுக்கு 1 மில்லி நொடி என்றாலே 27 நிமிடம். 5 மில்லி நொடி என்றால் இரண்டே கால் மணி நேரம். எஃப்எஸ்ட்ரிம்மில் "எம்" விருப்பத்தோடு 1 எம்பி என்று கொடுத்தால் அதைவிடச் சிறிய துண்டுகளை விட்டுவிடும். வாரந்தோறும் இப்படி ஓட்டிவிட்டு, மாதம் ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள்.

"எஃப்எஸ்டேப்" கோப்பில் "டிஸ்கார்ட்" என்ற விருப்பம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு அழிப்பின்போதும் ட்ரிம் போய்க்கொண்டிருக்கும். வரிசையில் நிற்காத ட்ரிம் உள்ள சாட்டா மிரரில் ஒரு பெரிய ஃபோல்டரை அழித்தாலே எல்லாம் திக்கும். எடுத்துவிடுங்கள், வாராந்திர ட்ரிம் போதும்.

ரெய்டு 10 (மிரரோடு, தரவைப் பல டிஸ்கில் பிரித்தும் எழுதும் முறை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பழைய கர்னல்களில் ரெய்டு 10 ட்ரிம்மைச் சிறு துண்டுகளாக உடைத்து அனுப்பும், மிகவும் மெதுவாக இருக்கும். கர்னலைப் புதுப்பியுங்கள்.

7. கடைசியில் டிஸ்கை மாற்றத்தான் வேண்டும் என்றால்

புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. 500 ஜிபி மிரருக்கு 480 ஜிபி டிஸ்க் சேராது; பெட்டியைத் திறந்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இரண்டு கடையிலாவது அன்றைய விலையைக் கேளுங்கள். டிரேம் உள்ளதா, டிபிடபிள்யூ எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போர்ட் ஒன்று காலியாக இருந்தால் பழையதைக் கழற்றாமல் புதியதையும் மாட்டி, "எம்டிஏடிஎம்" கட்டளையின் "ரீப்ளேஸ்" வழியில் மாற்றுங்கள். மாற்றி முடியும்வரை இரண்டு நகல் இருந்துகொண்டே இருக்கும். நேரம்: லினக்ஸின் இயல்பான வேக வரம்பு நொடிக்கு 200 எம்பி. 1 டிபி டிஸ்க் அந்த வேகத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். மலிவு எஸ்எஸ்டி பாதியில் மூச்சு வாங்கும், அரை நாள் ஒதுக்குங்கள். புது டிஸ்கில் பூட் லோடரையும் (சர்வரைக் கிளப்பும் சிறு நிரல்) போட மறக்காதீர்கள். மறந்தால் மற்ற டிஸ்க் ஒருநாள் போகும்போதுதான் தெரியவரும், அன்று சர்வர் எழாது.

ஒத்திசைவு, காலி இடத்தையும் சேர்த்து டிஸ்க் முழுவதையும் எழுதும். ஆகவே புது எஸ்எஸ்டி தான் முழுக்க நிரம்பியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஒத்திசைவு முடிந்த அன்றே ஒரு முழு ட்ரிம் ஓட்டுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்துவிட்டு ஓட்டினால் ஈஎக்ஸ்டி4 எதையும் விட்டுவைக்காமல் அனுப்பும்.

வாரண்டிக்கு அனுப்பும் டிஸ்கில் வாடிக்கையாளர் தரவு இருக்கும். அது இன்னும் பதில் சொல்கிறது என்றால், மிரரிலிருந்து முறையாக நீக்கிய பிறகு "பிஎல்கேடிஸ்கார்ட்" கொடுத்து முழுவதும் காலி செய்யலாம். இந்தக் கட்டளைக்கும் எஃப்எஸ்ட்ரிம்முக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: எஃப்எஸ்ட்ரிம் காலி இடத்தை மட்டும் தொடும், பிஎல்கேடிஸ்கார்ட் டிஸ்க் முழுவதையும் துடைக்கும். நோட்டில் எழுதிய சீரியலோடு ஒப்பிட்டுவிட்டு எண்டர் தட்டுங்கள். முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிச் செய்யுங்கள். பில் நகல் ஒன்றை டிஸ்கோடு வையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். நம் ஊர்களிலிருந்து பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வரவேண்டும், கொடுத்த தேதியோடு ரசீது வாங்குங்கள். திரும்பி வர வாரக் கணக்கில் ஆகும் என்பதால், வாரண்டி டிஸ்க் வரும்வரை மிரரை ஒற்றைக் காலில் நிறுத்தாமல் வேறொன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். வருவது அடுத்த தேவைக்கு இருக்கட்டும்.

மாற்றிய பிறகு வரும் முதல் ரெய்டு சரிபார்ப்பில் "பொருந்தாதவை" என்று ஒரு எண் காட்டலாம். ட்ரிம் செய்த இடத்தைப் படித்தால் சில மாடல்கள் பூஜ்யம் தரும், சில வேறு ஏதாவது தரும். இரண்டு டிஸ்கும் வேறு வேறு மாடல் என்றால் காலி இடத்தில் இந்த வேறுபாடு இயல்பு. "எச்டிபார்ம்" கட்டளையில் பெரிய எழுத்து "ஐ" கொடுத்து, ட்ரிம்முக்குப் பின் பூஜ்யம் உறுதி என்ற வரி இரண்டு டிஸ்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தும் எண் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், பேக்கப்பைப் புதுப்பித்துவிட்டு 5ஆம் படியின் கேபிள் சோதனையை மறுபடி செய்யுங்கள்.